கடலில் கலக்கும் நீர் வீணா?
மீனின் செவிக்கல் கூறும் கணக்கு

— கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்

குஜிலியம்பாறை வட்டாரத்தில் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற ஆவணி மாதத்தில் நாம் போயிருந்தோம். வேலை முடிந்து, அங்கத்தினர் சிலருடன் திண்ணையில் அமர்ந்திருந்தபோது பேச்சு மழையைப் பற்றித் திரும்பிற்று. மானாவாரி நிலத்தில் சோளமும் நிலக்கடலையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு வேறு பேச்சு ஏது?

காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் கொள்ளிடத்தின் வழியாகக் கடலுக்குப் போகும் நீரைப் பற்றி ஒருவர் மனம் வெதும்பிச் சொன்னார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை அங்கிருந்த எல்லோரும் நினைவு வைத்திருந்தனர். “கண்ணுக்கு முன்னாலே கடலுக்குப் போய் வீணாகுது, சார். அதிலே ஒரு பங்கு இந்தப் பக்கம் வந்தால் எங்கள் கிணறெல்லாம் ஊறிவிடாதா?” என்றார் அவர். நாமும் தலையை அசைத்தோம். பள்ளிப் பருவம் முதலே அந்த “வீண்” என்ற சொல்லைக் கேட்டும் சொல்லியும் பழகியவர்கள்தாமே நாம்!

அதே வேளையில் அவ்வீட்டு அம்மையார் வாசலில் கத்தாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மீனின் தலையிலிருந்து வெள்ளைக் கற்கள் இரண்டு விழுந்தன. பேரப்பிள்ளை அவற்றை எடுத்துக்கொண்டு ஓடினான். அருகில் இருந்த முதிய நெசவாளர் ஒரு கல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “எலும்பும் இல்லை, பல்லும் இல்லை, இது என்ன, சார்?” என்று கேட்டார். கல்லூரியில் விலங்கியல் பயின்றவர்கள் என்ற முறையில், “மீனின் காதுக்குள் இருக்கும் கல், ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் வண்டி ஏறினோம்.

அவ்விடை போதாது என்பது வழியெல்லாம் நம்மை உறுத்திற்று. நீரைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை, மற்றவர் கையில் இருந்த கல்லிலேயே இருந்தது. அதனை விளக்கிக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

செவிக்கல் என்பது யாது?

எலும்புள்ள மீன்களுக்கு வெளியே தெரியும் காது கிடையாது. தலைக்குள் உட்காது உண்டு. அதில் பக்கத்துக்கு மூன்றாக, ஆறு சிறு கற்கள் இருக்கின்றன. உடல் சாய்வதையும் நீரில் எழும் ஓசையையும் மீன் உணர்வதற்கு இவை உதவுகின்றன. பெரும்பாலான மீன்களில் இவை கடுகளவோ அரிசியளவோதான். கத்தாளை இனத்தில் மட்டும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரியவை.

இக்கல்லின் பெரும்பகுதி சுண்ணாம்புதான். கரிக்காலிப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் மீனின் செவிக்கல்லுக்கும் மூலப்பொருள் ஒன்றே. மீன் முட்டைக்குள் இருக்கும்போதே கல்லின் நடுக்கரு தோன்றிவிடுகிறது. அதன்மேல் நாள்தோறும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. ஆண்டு வளையங்களைக் கொண்டு மீனின் வயதைக் கணிக்கலாம் என்று ஜெர்மனி நாட்டு ரைபிஷ் என்பார் 1899-இல் காட்டினார். நாள் வளையங்களும் உண்டு என்பதை 1971-இல் பன்னெல்லா என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எலும்பும் செதிலும் உடலின் தேவைக்கேற்பக் கரைந்து மீண்டும் கட்டப்படுவன. செவிக்கல் அவ்வாறு கரைவதில்லை. ஒருமுறை படிந்த படலம் மீன் சாகும்வரை படிந்தபடியே இருக்கும். சிட்டாவில் மையால் எழுதிய வரியைச் சுரண்டித் திருத்தினால் நம் கண்ணுக்குத் தப்பாது. இந்தச் சிட்டாவிலோ திருத்துவதற்கே இடமில்லை.

நெசவாளர் அறிந்த முறை

படலத்துக்கு வேண்டிய சுண்ணச் சத்தை மீன் பெரும்பாலும் தான் வாழும் நீரிலிருந்தே பெறுகிறது. அச்சத்தோடு அதனை ஒத்த வேறு உலோகங்களும் சிறிதளவு உடன் நுழைந்துவிடுகின்றன. ஸ்ட்ரான்ஷியம் என்பது ஒன்று, பேரியம் என்பது மற்றொன்று. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் உண்டு. ஆற்று நீரில் பொதுவாக அது மிகக் குறைவு. பேரியமோ இதற்கு மாறாக ஆற்று நீரிலும் கழிமுகத்திலும் கூடுதலாகவும், கடலில் குறைவாகவும் காணப்படும். ஆகவே மீன் கடலில் இருந்த நாளில் படிந்த படலத்துக்கும், ஆற்றில் இருந்த நாளில் படிந்த படலத்துக்கும் சரக்கு வேறுபடுகிறது.

இது நெசவாளருக்குப் புதிய செய்தியன்று. பாவு ஒன்றாக இருக்க, ஊடைக்கு வந்த நூல் பாதியில் வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்திருந்தால், சேலையை விரித்த மாத்திரத்தில் அவர் இடத்தைக் காட்டிவிடுவார். எத்தனை முழத்தில் நூல் மாறிற்று என்றும் சொல்லுவார். செவிக்கல்லை ஆராய்பவரும் அதையே செய்கிறார். கல்லை நடுவில் அறுத்து, மெருகேற்றி, கருவிலிருந்து விளிம்புவரை லேசர் ஒளியால் மயிரிழையளவு இடமாகச் சுட்டுச் செல்கிறார். எழும் துகளை நிறையளக்கும் கருவி பிரித்துக் கூறுகிறது. எந்த வயதில் எந்த நீர் என்பது இவ்வாறு தெரியவருகிறது.

மற்றொரு வழியும் உண்டு. ஸ்ட்ரான்ஷியத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் உள்ளன. அவற்றுள் 87 எடையும் 86 எடையும் கொண்டவற்றின் விகிதம் உலகத்துக் கடல்களிலெல்லாம் ஒன்றே, அது 0.709 என்பதாகும். ஆறுகளிலோ அவை அரித்துவரும் பாறைக்கேற்ப அது மாறும். இமயத்தின் பழம்பாறைகளை அரித்துவரும் கங்கை நீரில் இவ்விகிதம் 0.72-க்கும் மேற்பட்டது. ஊர் முத்திரை இட்ட காசுபோல, ஒவ்வோர் ஆறும் தன் முத்திரையைக் கல்லில் பதித்துவிடுகிறது.

கற்களைப் படித்தவர்கள் கண்டவை

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பார்கள். கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போய் இனம் பெருக்குவது அதன் இயல்பு. 1998-இல் ஜப்பானியப் பேராசிரியர் சுக்காமோட்டோவும் அவருடைய துணைவரும் கடலில் பிடிபட்ட விலாங்குகளின் செவிக்கற்களைப் பார்த்தனர். அவற்றுள் சில ஆற்று நீரையே கண்டதில்லை என்று கற்கள் கூறின. விலாங்கு தவறாமல் ஆற்றுக்கு வரும் என்ற நெடுநாள் நம்பிக்கை அன்று திருத்தப்பட்டது.

நம் கழிமுகங்களில் பிடிபட்டு நல்ல விலைபோகும் கொடுவா மீன் ஆஸ்திரேலியாவிலும் பாப்புவா நியூகினியிலும் உண்டு. அது முட்டையிடுவது கடலோர உப்பு நீரில். வளர்வதோ பெரும்பாலும் கழிமுகத்திலும் ஆற்றிலும். பாப்புவா நியூகினி நாட்டுக் கொடுவாக்களின் கற்களை ஆராய்ந்த மில்ட்டன், சேனரி என்னும் இருவர், ஆற்றுக்குள் வாழும் மீன்களில் பல முட்டையிடும் இடத்துக்குப் போவதே இல்லை என்று 2005-இல் வெளியிட்டனர். ஆற்றில் மீன் நிறைய இருப்பதைக் கண்டு வித்துக்குக் குறைவில்லை என்று எண்ணிவிடலாகாது என்பது இதனால் விளங்குகிறது. சங்கத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் பங்குத்தொகை கட்டியவர்கள் அல்லர் என்பதைக் கண்டவர்கள் நாம்; இச்செய்தி நமக்கு வியப்பளிக்காது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த மீன் ஒன்றை தொரால்டு என்பவரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்தனர். வெவ்வேறு கழிமுகங்களில் வளர்ந்த குஞ்சுகளின் கற்களில் என்னென்ன முத்திரை உண்டு என்று முதலில் அளந்து வைத்துக்கொண்டனர். பின்னர் முட்டையிட வந்த பெரிய மீன்களின் கல்லில் நடுப்பகுதியை மட்டும் அளந்து ஒப்பிட்டனர். நூற்றுக்கு 60 முதல் 81 வரை, தாம் பிறந்த கழிமுகத்துக்கே திரும்பியிருந்தன. 2001-இல் வெளியான இவ்வாராய்ச்சியின் பொருள் எளியது. ஒரு கழிமுகம் கெட்டால், அடுத்த கழிமுகத்து மீன் வந்து அதை நிரப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

நம் காவிரியும் உல்லமும்

வங்காளத்தார் உயிராக மதிக்கும் இலிஷ் மீனைத் தமிழில் உல்லம் என்பர். அது கடலில் வளர்ந்து, மழைக்காலத்தில் ஆறு பெருகிவரும்போது எதிர்நீச்சலிட்டு ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கழிமுகத்திலும் சில மாதம் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் உல்லம் ஏறி வந்தது. 1836-இல் மேலணையும் கீழணையும், 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்தன. அணைகள் வந்தபின் உல்லத்தின் வரவு சுருங்கிப் போயிற்று.

இவ்விடத்தில் நம் இயக்கத்தார் அறிந்த ஒருவரின் பெயர் வருகிறது. இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கங்களுக்கு வித்திட்ட அறிக்கையை 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த சர் பிரடெரிக் நிக்கல்சன் அவர்களே அவர். அவ்வறிக்கையின் பின்னரே 1904-ஆம் ஆண்டுச் சட்டமும், திரூர்ச் சங்கமும், திருவல்லிக்கேணி பண்டகசாலையும் தோன்றின. அதே நிக்கல்சன்தான் 1905 முதல் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியைத் தொடங்கி நடத்தியவர். அப்பணியின் ஒரு பகுதியாக, 1909-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்யும் முயற்சி நடந்தது. வேளாளனின் கடனைப் பற்றிக் கவலைப்பட்டவரே மீனின் வழியைப் பற்றியும் கவலைப்பட்டார். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று அவர் கருதியிருக்கவேண்டும்.

அன்று அவருக்குச் செவிக்கல்லைப் படிக்கும் கருவி இல்லை. பின்னாளில் முன் சொன்ன மில்ட்டனும் சேனரியும் உல்லத்தின் கற்களை ஆராய்ந்து, 2001-லும் 2003-லும் முடிவுகளை வெளியிட்டனர். வங்கதேசத்து ஆறுகளிலும் கழிமுகத்திலும் கடலிலும் பிடிபட்ட உல்லங்களின் கல்லைக் கருவிலிருந்து விளிம்புவரை அளந்து, அவை நன்னீருக்கும் உப்பு நீருக்கும் இடையே சென்று வந்த வழியைத் தேடினர். மீன் ஓரிடத்து உடைமையன்று. ஆறும் கழிமுகமும் கடலும் சேர்ந்து வளர்ப்பது என்பதே இத்தகைய கற்கள் கூறும் செய்தி.

அந்நாடு செய்த ஏற்பாடும் நாம் அறியத்தக்கது. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லக் குஞ்சுகளை நவம்பர் முதல் ஜூன் வரை பிடிக்கலாகாது என்று அங்கே விதித்தார்கள். முட்டையிடும் பருவமாகிய அக்டோபரில் 22 நாள் உல்லம் பிடிப்பதையே நிறுத்தினார்கள். ஆனால் வலையை மடித்து வை என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. குஞ்சுகளைக் காக்கும் காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி வீதம் நான்கு மாதம் வழங்கும் திட்டத்தையும் வகுத்தார்கள். 2002–03-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த உல்லப் பிடிப்பு, 2017–18-இல் 5 லட்சம் டன்னைக் கடந்தது. பொது நலனுக்காக ஒருவன் கையைக் கட்டிக்கொள்ளும்போது மற்றவர் அவன் வயிற்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது கூட்டுறவின் பாலபாடம் அல்லவா?

இக்கணக்கிலும் குறைகள் உண்டு

கணக்கு எத்துணை நேர்த்தியாக இருப்பினும் அதன் குறையைக் குறித்து வைப்பது தணிக்கையாளர் கடமை.

முதலாவது, சிறிதளவு கடல் நீர் கலந்தாலே முத்திரை கடலின் பக்கம் சாய்ந்துவிடும். ஆற்று நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது குடம் ஆற்று நீரில் ஒரு குடம் கடல் நீரைக் கலந்தால், கலவையிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரு குடத்திலிருந்தே வந்ததாக இருக்கும். ஆகவே நன்னீரிலிருந்து மீன் வெளிப்பட்டதைக் கல் தெளிவாகக் கூறும். அதன்பின் கழிமுகத்தில் தங்கிற்றா, கடலுக்கே போய்விட்டதா என்பதைச் சொல்வதில் தடுமாறும். அதற்காகவே பேரியம் முதலிய வேறு சாட்சிகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இரண்டாவது, நீரின் வெப்பமும் மீனின் வளர்ச்சி வேகமும் படலத்தின் சரக்கைச் சிறிது மாற்றக்கூடும். மூன்றாவது, செம்பு, துத்தநாகம் போன்றவற்றை மீனின் உடல் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால், அவற்றைக் கொண்டு நீரின் நிலையைக் கூறுவது எளிதன்று. நான்காவதே முக்கியமானது. அந்தந்த ஆற்றின் நீரைப் பருவந்தோறும் அளந்த ஏடு கையில் இல்லாவிட்டால், கல்லின் எழுத்தை யாராலும் படிக்க இயலாது. பேரேடு இல்லாமல் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கங்கை நீரின் முத்திரையைக் கொண்டு காவிரி மீனின் கல்லைப் படிக்க முடியாது. காவிரியின் ஏடு காவிரியிலேயே எழுதப்படவேண்டும்.

திண்ணையில் கேட்ட கேள்விக்கு விடை

நம் குடகனாறு வேடசந்தூரைக் கடந்து வடக்கே சென்று அமராவதியில் கூடுகிறது. அமராவதி கரூரை அடுத்த திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்கும் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேரும் இடத்துக்கும் நடுவேதான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. குஜிலியம்பாறையில் பெய்து ஓடையில் ஓடும் மழை, தடையில்லாத ஆண்டில், அங்கே போய்ச் சேரக்கூடியதே. கடலைக் கண்டிராத நம் ஊருக்கும் கழிமுகத்துக்கும் உறவு இல்லை என்று சொல்ல இயலுமா?

ஆற்று நீர் வந்து உப்பைத் தணித்து, வண்டலும் சத்தும் கொடுத்தால்தான் கழிமுகம் மீன்குஞ்சுகளுக்கு நாற்றங்காலாகிறது. நாற்றங்காலுக்குப் பாய்ச்சிய நீரை எந்த உழவராவது வீண் என்பாரா? நடவு வயல் வேறிடத்தில் இருப்பதால், நாற்றங்காலின் செலவு கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. மீன் கடலில் பிடிபடுகிறது. வரவு கடற்கரையில் எழுதப்படுகிறது. அதை வளர்த்த ஆற்று நீரின் செலவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அந்த விடுபட்ட பதிவைத்தான் செவிக்கல் தன் படலங்களில் வைத்திருக்கிறது.

இதனால் நம் வட்டாரத்து வேளாளர் நீர் கேட்கக்கூடாது என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். வறண்ட கிணற்றின் கரையில் நிற்பவரிடம் மீனைப் பற்றி உபதேசம் செய்வது அறமாகாது. ஏரி, குளங்களைத் தூர்வாருவதும், பெருவெள்ளத்தில் ஒரு பங்கைத் தேக்கி வைப்பதும் வேண்டியவையே. பங்கு பிரிக்கும்போது கழிமுகத்தையும் ஓர் அங்கத்தினராக வைத்துப் பிரிக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வராத அங்கத்தினருக்கும் பங்கு உண்டு என்பது சங்கத்தின் விதி.

நெசவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. போகும் நீரின் அளவைப் போலவே அதன் தூய்மையும் கணக்கில் வரும். நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் அறிவோம். அதனால் துன்புற்றவர்களில் ஆற்றங்கரை உழவரும் இருந்தனர். வேலை இழந்த தொழிலாளரும் இருந்தனர். சாயத் தொட்டியின் நீரைச் சுத்திகரிப்பதற்கு ஆகும் செலவு, தனியொருவரால் தாங்கமுடியாததாயின், பலர் கூடித் தாங்கவேண்டியது. அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

அங்கத்தினர்களே! அடுத்த முறை வீட்டில் கத்தாளை வாங்கினால், தலையிலுள்ள கல்லை எறிந்துவிடாமல் கழுவி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது வளர்ந்த நீரின் கணக்கு அதில் நாள்தோறும் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அன்று திண்ணையில் கேள்வி கேட்ட பெரியவரிடமும் நண்பரிடமும் நாம் சொல்லத் தவறிய விடை இதுவே. அடுத்த தணிக்கைக்கு வரும்போது இவ்விதழை நேரில் கொண்டுவந்து கொடுப்போம். “வீண்” என்ற சொல்லை நாம் அதற்குள் நம் பேச்சிலிருந்து நீக்கிவிட்டோம் என்பதையும் அவர்களிடம் தெரிவிப்போம்.